1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர்: வீட்டிலேயே பராமரிப்பதும் நிறை குறைப்பதும்

கேள்வி
எழுதியவர்: கடற்கரை வீதி

வணக்கம். 1990ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். பிற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற பெயரில் விற்கப்பட்ட அதே இரண்டு சீற் கார்தான் இது; 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், ஏசி, பவர் ஸ்ரியறிங் ஆகியவை உண்டு. எஞ்சின் ஒழுங்காக இயங்குகிறது. கடைசிப் புகைப் பரிசோதனையிலும் சிக்கலின்றித் தேறியது. ஆனால் எனக்கு முன்னர் இதை வைத்திருந்தவர் அலங்காரத்தில் காட்டிய அக்கறையைப் பராமரிப்பில் காட்டவில்லை என்றே தோன்றுகிறது. 17 அங்குலச் சில்லுகள், டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டியும் அம்பிளிபயரும், கண்ணாடியிழையில் செய்த உயரமான ஸ்பொய்லர், கதவுகளுக்குக் கீழே ஒட்டிய பிளாஸ்ரிக் பட்டைகள் எனப் பலவும் சேர்ந்து, கார் தன் இயல்பான துள்ளலை இழந்துவிட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்றலில் கூரையிட்ட சீமெந்துத் தரை இருக்கிறது. ஓரளவு கருவிகளும் உள்ளன. ஞாயிறு அதிகாலைகளில் நகருக்குள் ஓட்டுவதும், இடையிடையே தெற்கு அதிவேகப் பாதையில் காலி வரை சென்று வருவதுமே இந்தக் காரின் வேலை. அலுவலகத்துக்கு இதை எடுத்துச் செல்வதில்லை. ஓட்டப் போட்டி எதிலும் கலந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

நிறையைக் குறைக்க நான் எண்ணியிருப்பவை இவை: ஸ்பீக்கர் பெட்டியையும் ஸ்பொய்லரையும் அகற்றுவது, மேலதிகச் சில்லை வீட்டில் வைத்துவிடுவது, ஏசியையும் பவர் ஸ்ரியறிங்கையும் முழுமையாகக் கழற்றுவது, தரை விரிப்புகளுக்குக் கீழேயுள்ள தார்ப் படலத்தைச் சுரண்டி எடுப்பது, எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்ரிக் தட்டை அகற்றுவது, லிதியம் பற்றரி பொருத்துவது, வசதி கிடைத்தால் கண்ணாடியிழையில் பொனெற் செய்விப்பது. இவற்றில் எதற்குப் பயன் உண்டு, எது வீண் வேலை, எதை முதலில் தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். பராமரிப்பில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.


பதில் 1
எழுதியவர்: பதினான்கு அங்குலம்

தம்பி, உங்கள் பட்டியலில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்ரிக் தட்டு சேற்றைத் தடுப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. முன் வாயால் நுழையும் காற்று றேடியேற்றருக்கு அடியால் நழுவிப் போகாமல் அதன் ஊடாகவே செல்லும்படி செய்வது அந்தத் தட்டுத்தான். அதைக் கழற்றிவிட்டு, வேகமாக ஓடும்போது வெப்பமானி ஏறுகிறதே என்று தேர்மோஸ்ராற்றையும் நீர்ப் பம்பையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். கொழும்பின் வெப்பத்தில் இந்தக் காருக்குக் குளிர்ச்சியே உயிர்நாடி. ஓரிரு கிலோ நிறைக்காக அதில் கை வைக்கக் கூடாது. தட்டு உடைந்திருந்தால் புதிதாக ஒன்றைத் தேடிப் பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய அலுமினியத் தகட்டில் அதே வடிவில் வெட்டிப் பூட்டலாம்.

நிறையைப் பற்றிப் பேசுமுன் இந்தக் கார் எப்படி உருவானது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் காட்சியில் இது முதன்முதலாக வெளிப்பட்டபோது, தொஷிஹிகோ ஹிராய் தலைமையிலான பொறியியலாளர்கள் நாம் இப்போது செய்ய நினைக்கும் வேலையின் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்திருந்தார்கள். பொனெற் அலுமினியம்; கியர்ப் பெட்டியையும், பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷலையும் முதுகெலும்புபோல் இணைக்கும் நீண்ட சட்டமும் அலுமினியம். ஜப்பானில் விற்ற அடிப்படை வகையின் நிறை 940 கிலோகிராம் அளவில் இருந்தது. ஆகவே கண்ணாடியிழைப் பொனெற்றால் உங்களுக்குக் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது. பொருத்தம் கெட்டு, வெயிலில் நெளிந்து, வேகத்தில் அதிரும் ஒரு மூடியே மிஞ்சும். தார்ப் படலமும் அப்படித்தான். இந்தக் காரில் அது ஏற்கெனவே குறைவு. இருப்பதையும் சுரண்டினால் கியர்ப் பெட்டியின் சூடு உங்கள் இடது காலை வாட்டும்.

மாறாக, உங்கள் காரின் உண்மையான பாரம் அந்த 17 அங்குலச் சில்லுகளில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த 14 அங்குல ஏழு கம்பி அலோய் சில்லு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ மட்டுமே. அந்தக் காலத்துச் சாதாரண அலோய் சில்லுகளில் இவ்வளவு மெலிந்தவை அரிது. 17 அங்குலச் சில்லும் அதன் ரயரும் சேரும்போது, பழைய சோடியைவிட மூலைக்கு ஐந்து ஆறு கிலோ கூடுவது வழக்கம். இந்த நிறை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் பள்ளங்களில் சில்லு தரையைவிட்டுத் துள்ளும். அதோடு சுழலவும் செய்கிறது. ரயரின் வெளி விளிம்பில் உள்ள ஒரு கிலோவை முன்னோக்கி நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால், வேகம் எடுக்கும்போது எஞ்சினுக்கு அது காரின் உடலில் இருக்கும் இரண்டு கிலோவுக்குச் சமமாகத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். 17 அங்குலச் சில்லில் வழக்கமாகப் போடும் 205/40 ரயர், தொழிற்சாலையின் 185/60 14 அங்குல ரயரைவிட விட்டத்தில் சுமார் 3 விழுக்காடு பெரியது. உங்களுடையதும் அதே அளவானால் எல்லாக் கியர்களும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டன என்று பொருள். அதிவேகப் பாதையில் மீற்றர் பழைய கணக்கில் 100 காட்டும்போது கார் உண்மையில் 103க்கு அருகே ஓடிக்கொண்டிருக்கும். துள்ளல் போனதற்கு முதற் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

மூலச் சில்லுகள் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். நான்கு துளை, 100 மில்லிமீற்றர் வட்டம், நடுத்துளை 54.1 மில்லிமீற்றர் என்ற அளவுகள் பல சிறிய டொயோட்டாக் கார்களுக்கும் உரியவை. ஆகவே பழைய உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை சுற்றினால், ஓப்செற் (சில்லின் நடுக்கோட்டுக்கும் அது பொருந்தும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம்) 45 மில்லிமீற்றருக்கு அருகே உள்ள மெலிந்த 14 அல்லது 15 அங்குலச் சில்லுகளைப் பொறுக்கி எடுக்கலாம். குளியலறைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் முதலில் விசித்திரமாகப் பார்ப்பார், பிறகு அவரே தூக்கி வைத்து உதவுவார். ரயர் வாங்கும்போது பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கடைத் தட்டில் பல ஆண்டுகள் காய்ந்த ரயர், புதியதாகத் தோன்றினாலும் புதியதன்று.

இனிப் பராமரிப்பு. முதலிடம் றேடியேற்றருக்கே. மேல் தொட்டியின் பிளாஸ்ரிக் கறுப்பாக இருக்க வேண்டும். பச்சை கலந்த மண்ணிறமாக மாறியிருந்தால் அது விரைவில் வெடிக்கும், காத்திருக்காமல் மாற்றுங்கள். குழாய் நீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் நம்மூரில் பரவலாக இருப்பதால், எஞ்சினுக்குள் துரு படிந்திருக்கிறதா என்று வடித்துப் பாருங்கள். எஞ்சினுக்கும் முன்கண்ணாடிச் சுவருக்கும் இடையில் ஒளிந்திருக்கும் ஹீற்றர் குழாய்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவை வெடிப்பதும் ஒரு மாலை நேர நெரிசலில்தான். மின்விசிறி வேலை செய்கிறதா என்று பார்க்க எஞ்சின் சூடாகும்வரை நிற்க வேண்டியதில்லை. எஞ்சின் அறையிலுள்ள டயக்னொஸ்ரிக் பெட்டியைத் திறந்து, சாவியை ஒன் நிலையில் வைத்து, டிஎப்ஏ என்ற முனையையும் ஜிஎன்டி என்ற முனையையும் ஒரு சிறு வயரால் இணைத்தால் பிரதான விசிறி உடனே சுழல வேண்டும்.

அடுத்தது துரு. வெள்ளவத்தையில் கடற்காற்றின் உப்பு வேறு இருக்கிறது. ஆனால் இந்தக் காரைத் தின்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் உப்பன்று, உள்ளே தேங்கும் மழைநீர். துணிக்கூரையில் விழும் நீர் சீற்றுகளுக்குப் பின்னால் இரு பக்கத்திலும் உள்ள வடிகுழாய்களால் இறங்கிப் பின் சில்லுகளுக்கு முன்னால் வெளியேற வேண்டும். வேப்பிலையும் தூசும் அடைத்துக்கொண்டால் அந்த நீர் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டி வடிவச் சட்டத்துக்குள் நின்று, உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். உங்கள் காரில் அந்த இடத்தைப் பிளாஸ்ரிக் பட்டை மறைத்திருக்கிறது என்கிறீர்கள். அதை முதல் வேலையாகக் கழற்றிப் பாருங்கள், நிறைக்காக அல்ல, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிவதற்காக. வடிகுழாயைத் தடித்த நைலோன் நூலால் மெதுவாகக் குத்தித் துப்புரவாக்குங்கள். கூரிய கம்பி குழாயைக் கிழித்துவிடும். பிறகு ஒரு குவளை நீரை ஊற்றினால் கீழே அதே வேகத்தில் வடிய வேண்டும். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குவதற்கு முன்னர் ஒரு தடவை, ஒக்டோபரில் பின்னேர இடிமழைக்கு முன்னர் இன்னொரு தடவை என்று செய்துவந்தால் போதும்.

எஞ்சினில் டைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். இந்த 1.6 எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்ரனும் மோதாது என்பது ஆறுதல். ஆனால் கார் நின்றுவிடும். நீர்ப் பம்பை வெளிப் பெல்ற்தான் சுழற்றுகிறது என்றாலும், பம்பைக் கழற்ற டைமிங் பெல்ற்றையும் எடுத்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாகச் செய்வதே சிக்கனம். 1990ஆம் ஆண்டு எஞ்சின்களில் கிராங்க் தண்டின் மூக்கு குட்டையானது என்பதையும் வேலை செய்யும் மெக்கானிக் பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மூக்கில் பெல்ற் ஓடும் கப்பியைப் பிடித்திருக்கும் நடு ஆணியை ஏனோதானோ என்று இறுக்கினால், கப்பியைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை ஆடத் தொடங்கி, தண்டே கெட்டுப்போகும். புதிய ஆணியைப் போட்டு, கைநூலில் கூறிய அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால்தான் இறுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கீழ்க் கப்பி தள்ளாடாமல் சுழல்கிறதா என்று இப்போதே பார்த்துவைப்பது நல்லது.


பதில் 2
எழுதியவர்: தராசுத் தட்டு

மேலே எழுதியவரின் சில்லுக் கணக்கும் அடித்தட்டு எச்சரிக்கையும் முற்றிலும் சரி. ஆனால் 940 கிலோக் காரில் குறைக்க ஒன்றுமில்லை என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. மெலிந்த காரில்தான் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம். ஜப்பானியப் பதிப்பின் 120 குதிரைவலுவுக்கு 940 கிலோ என்றால் ஒரு குதிரைக்கு 7.8 கிலோ, 60 கிலோவைக் குறைத்தால் அது 7.3 ஆகும். எஞ்சினைத் தொடாமல் இதைப் பெறுவது சிறிய விடயமன்று. அதோடு எஞ்சின் வலுவைக் கூட்டினால் வேகம் எடுப்பதில் மட்டுமே பயன். நிறை குறைந்தால் பிறேக்கிலும் வளைவிலும் ரயர்த் தேய்மானத்திலும் பயன் தெரியும்.

முதலில் அளக்கப் பழகுங்கள். லொறிகளை நிறுக்கும் பெரிய தராசுகள் பத்து அல்லது இருபது கிலோப் படிகளில் காட்டுவதால் அவற்றை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. கழற்றும் ஒவ்வொரு பொருளையும் வீட்டுத் தராசில் வைத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் கணக்கு உங்களை வியப்பில் ஆழ்த்தும் என்று நினைக்கிறேன். அம்பிளிபயருக்காக இழுத்த தடித்த செப்பு வயர்களையும் மறவாமல் உருவி எடுங்கள். பெற்றோல் தாங்கி 45 லீற்றர். முழுதாக நிரப்பினால் 33 கிலோ அளவு. ஞாயிறு காலைச் சவாரிக்குத் தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் விட்டால், பதினாறு பதினேழு கிலோ ஒரு ஆணியும் கழற்றாமல் குறைந்துவிடும். எரிபொருள் வரிசைகளில் நின்ற 2022ஐ நினைத்துப் பாதித் தாங்கியுடன் ஓட மனம் வராதவர்கள் நம்மில் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பற்றரியைப் பற்றி ஒரு முக்கிய விடயம். இந்தக் காரில் பற்றரி டிக்கிக்குள் இருப்பதால், தொழிற்சாலை இதற்கென்று மூடிய வகைப் பற்றரியையும், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் சிறு குழாய்களையும் வைத்திருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று சாதாரண அமிலப் பற்றரியைக் குழாயின்றி வைத்தால் அமில ஆவி டிக்கித் தரையைத் தின்றுவிடும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஐதரசனும் மூடிய இடத்தில் ஆபத்தானது. உங்கள் காரில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிக்கு மாறினால் ஆறு ஏழு கிலோ குறையும், வாயுத் தொல்லையும் இல்லை. குளிர்நாடுகளில் அது காலையில் சோம்பும் என்பார்கள். கொழும்பில் அந்தக் கேள்வியே எழாது. உள்ளே பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்குங்கள். வாரம் முழுவதும் நிற்கும் காருக்கு இணைப்பைத் துண்டிக்கும் சுவிச் ஒன்றையும் போடுங்கள், ஏனெனில் இத்தகைய பற்றரி ஒரு தடவை முழுமையாக வடிந்தால் மீள்வது கடினம். பழைய ஈயப் பற்றரிக்கான சார்ஜரை இதில் மாட்டவே கூடாது.

ஏசியைப் பொறுத்தவரை, அதிகாலையில் கூரையைத் திறந்து ஓட்டுபவருக்கு அது இருபது கிலோ அளவு வீண் சுமை, அதுவும் முன் மூக்கில். கழற்றுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் 1990ஆம் ஆண்டுக் கார் ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயுவுடன் வந்தது. பிற்காலத்தில் ஆர்-134ஏ வகைக்கு மாற்றியிருக்கலாம். எதுவாயினும் குழாயைத் தளர்த்திக் காற்றில் விடாதீர்கள். முதலில் ஏசிக் கடையில் உறிஞ்சி எடுப்பித்துவிட்டு, கழற்றிய பாகங்களின் வாய்களை உடனே அடைத்து வையுங்கள். ஈரம் புகுந்தால் அவை மீண்டும் பயன்படா. கொம்பிரஷரும் பவர் ஸ்ரியறிங் பம்பும் ஒரே பெல்ற்றில் சுழல்கின்றன. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றதற்குக் குட்டையான பெல்ற் தேட வேண்டியிருக்கும்.


பதில் 3
எழுதியவர்: பத்திரப் பெட்டி

கருவிகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்திரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், நிறம், வெற்று நிறை, இருக்கை எண்ணிக்கை ஆகியவை பதியப்பட்டிருக்கும். ஸ்பீக்கர் பெட்டியையும் சில்லையும் எடுப்பது எவருக்கும் பொருட்டன்று. ஆனால் எஞ்சினையோ நிறத்தையோ உடலமைப்பையோ மாற்றுவதானால், முன்கூட்டியே நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துப் பதிவைத் திருத்திக்கொள்வதே பாதுகாப்பு. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்; விபத்தின் பின்னர் மதிப்பீட்டாளர் வந்து பொருத்தமில்லாத பொனெற்றைப் பார்த்துத் தலையைச் சொறியும் நேரத்தில் விளக்கம் சொல்வது எளிதன்று.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். கழிவுக் குழாயின் நடுவில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரை நிறை என்று சொல்லி வெட்டி எடுக்கச் சிலர் ஆலோசனை தருவார்கள். அதற்குச் செவி கொடுக்க வேண்டாம். முன் இருக்கைகளின் சீற் பெல்ற் சட்டப்படி கட்டாயம் என்பதால், மெலிந்த போட்டி வகை சீற்றுகளைப் பொருத்தினாலும் பெல்ற்றின் பிடிப்பிடங்களை அப்படியே விட்டுவையுங்கள்.

கழற்றும் எதையும் விற்றுவிடாதீர்கள், எறிந்துவிடாதீர்கள் என்பது என் முக்கிய வேண்டுகோள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய கார் ஒன்றின் சிறு பாகத்துக்கும் என்ன விலை கேட்டார்கள் என்பதை எல்லோரும் அறிவோம். முழுமையான மூலப் பாகங்களுடன் இருக்கும் காருக்கும், பாகங்கள் தொலைந்த காருக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு நீங்கள் குறைக்கும் எந்த நிறையையும்விடக் கனமானது. ஜப்பானில் மஸ்டா நிறுவனமே இந்த முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை 2017இல் அறிவித்து, துணிக்கூரை, மரத்தாலான ஸ்ரியறிங் வளையம் போன்ற பாகங்களை மீண்டும் தயாரித்தது. அந்தத் திட்டத்துக்காக பிரிட்ஜ்ஸ்ரோன் நிறுவனம் பழைய 185/60 14 அங்குல ரயரையே திரும்பவும் வார்த்தது. அவை வாங்க முடிந்தவை, ஆனால் மலிவானவையல்ல.


கடற்கரை வீதி எழுதியது

மூவருக்கும் மிக்க நன்றி. பிளாஸ்ரிக் பட்டைகளைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். இடப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வலப் பக்கத்தில் பின் சில்லுக்கு முன்னால் நிறப்பூச்சு கொப்புளித்திருக்கிறது, ஆனால் திருகாணி முடுக்கியால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. வலப் பக்க வடிகுழாயே அடைத்திருந்தது. டிக்கியில் இருப்பது குழாய் இல்லாத சாதாரண அமிலப் பற்றரிதான். தரையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. அதை எந்தக் கராஜில் பொருத்தினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பதினான்கு அங்குலம் அண்ணா, ஏசியைக் கழற்றச் சொல்லும் தராசுத் தட்டு அவர்களின் கருத்துத்தான் உங்களுடையதுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. பவர் ஸ்ரியறிங்கைக் கழற்றிக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போதும் என்று ஒருவர் கூறினார், அது சரியா? மேலும், காரை முன்றலில் பாதுகாப்பாக உயர்த்துவது எப்படி என்பதையும், பிறேக்கில் நானே செய்யக்கூடியவை எவை என்பதையும் கூற முடியுமா?


பதில் 4
எழுதியவர்: பதினான்கு அங்குலம்

கொப்புளித்த இடம் உள்ளே போகவில்லை என்றால் தப்பித்தீர்கள். டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி, நிறப்பூச்சைச் சுரண்டி, துருவை அகற்றிப் பூசுவியுங்கள். சட்டத்தின் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத் தடுப்பு ஒயிலைச் சிறு துளையால் விசிறச் செய்யுங்கள். மேலே புட்டிப் பசை பூசி மறைப்பவரிடம் கொடுக்காதீர்கள். டிக்கியின் வெள்ளைப் பொடியை அப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்கு உலர்ந்த பின்னர் பூச்சுப் பூசுங்கள். அந்தப் பற்றரியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

ஏசியில் எனக்கும் தராசுத் தட்டு அவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் வறண்ட ஞாயிறை நினைத்து எழுதுகிறார்; நான் காலியிலிருந்து திரும்பும் வழியில் அதிவேகப் பாதையின் வெலிப்பன்னைக்கு அருகே கொட்டும் மழையை நினைக்கிறேன். கூரையை மூடி, இரண்டு பேர் உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் முன்கண்ணாடியும் பின்புறப் பிளாஸ்ரிக் யன்னலும் சில நிமிடங்களில் மங்கிவிடும். அந்த ஈரத்தை உறிஞ்சுவது ஏசிதான். காற்றுவிசிறி மட்டும் வெளியிலிருந்து ஈரக் காற்றையே கொண்டுவரும். ஆகையால் ஏசி குளிர்விக்கிறது என்றால் வைத்திருங்கள். பழுதுபட்டுக் கிடக்கிறது என்றால் கழற்றுவதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை.

பவர் ஸ்ரியறிங்கில் நீங்கள் கேட்ட குறுக்குவழி வேண்டாம். குழாய்களை வளைத்து இணைத்தால், சில்லுகளைத் திருப்பும் பற்சட்டமான ஸ்ரியறிங் ராக்கின் உள்ளேயுள்ள பிஸ்ரன் ஒவ்வொரு திருப்பத்திலும் மீதி ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கை வலிப்பது நிறையால் அல்ல, அந்தத் தடையால். ஒழுங்காகச் செய்வதானால் ராக்கை இறக்கி, பிஸ்ரனின் முத்திரை வளையத்தை எடுத்து, உள்ளே கிரீஸ் பூசிப் பூட்ட வேண்டும். அல்லது பவர் இல்லாத மூல ராக்கைத் தேட வேண்டும். அந்த ராக்குக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப அதிகச் சுற்று வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிறுத்தி எடுக்கும்போது அது தெரியும். முதலில் 14 அங்குலச் சில்லுகளுக்கு மாறி, சில்லுகளின் கோணத்தையும் சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்ரியறிங் அப்போதே வேறு காரைப்போல் இருக்கும். அதற்குப் பிறகும் பம்பைக் கழற்ற மனம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

உயர்த்தும் விடயத்தில் கவனமாக இருங்கள். கதவுக்குக் கீழேயுள்ள தகட்டு மடிப்பில் நேரடியாக ஜாக்கை வைத்தால் அது மடிந்து, துருவுக்கு வழி திறக்கும். முன்புறத்தைக் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும், பின்புறத்தை டிபரன்ஷல் பெட்டியிலும் மரக்கட்டை வைத்து உயர்த்தி, உடனே இரு பக்கமும் இரும்பு முக்காலிகளை நிறுத்துங்கள். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கற்களை ஒருபோதும் முட்டாக வைக்காதீர்கள்; அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும். கழற்றிய சில்லையும் காருக்கு அடியில் படுக்க வைத்துவிட்டே கீழே போங்கள். மேலதிகச் சில்லை வீட்டில் வைக்கிறீர்கள் என்றால், ஓட்டை அடைக்கும் ரப்பர்த் திரியையும் சிறு காற்றுப் பம்பையும் காரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலிக்குப் போகும் நாளில் சில்லையே எடுத்துச் செல்வதுதான் புத்தி. ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் திரி உதவாது.

பிறேக்கில் நீங்களே செய்யக்கூடியவை பல. பிறேக் கட்டைகளைத் தட்டில் அழுத்தும் கலிப்பர்கள் வழுக்கி நகரும் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்த கிரீஸ் பூசுங்கள். இந்த ஊசிகள் இறுகிப்போன கார்களில் பிறேக் எப்போதும் சற்றே பிடித்திருக்கும், ஓட்டுபவர் அதை எஞ்சினின் சோம்பல் என்று நினைப்பார். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது, நம் நகரத்தின் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. ஆண்டுக்கொரு தடவை புதியதை ஊற்றிப் பழையதை வடியுங்கள். அதே வேளையில் கிளச்சின் திரவத்தையும் பாருங்கள். அது கறுத்திருந்தால் கியர்ப் பெட்டியோரத்திலுள்ள சிறிய கிளச் சிலிண்டரின் ரப்பர் கரைகிறது என்று பொருள், விரைவில் ஒழுகும்.

பின் பிறேக் கட்டைகளை மாற்றும்போது பிஸ்ரனைக் கவ்வியால் அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள், பாஸ் ஒருவர் தள்ள முயன்றாலும் தடுத்துவிடுங்கள். கலிப்பரின் பின்புறத்தில் ஒரு மூடியாணி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் அலன் சாவி நுழையும் துளை தெரியும். அந்தச் சாவியால் திருகித்தான் பிஸ்ரனைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். புதிய கட்டைகளைப் போட்ட பின்னர், சில்லு கையால் சுழலாத அளவுக்குத் திருகி, பிறகு கட்டை தட்டில் உரசாமல் சுழலும்வரை மெல்லத் தளர்த்துங்கள். கைப்பிறேக்கின் கேபிளைத் தொடுவது இதற்குப் பின்னர்தான். இந்தத் திருகைச் சரிசெய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கினால் கைப்பிறேக் சில நாட்களில் மறுபடியும் தளர்ந்துவிடும்.